பத்து மணி வண்டிகள்

இரவு பத்தானால் எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு சத்தம் கேட்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் டாஸ்மாக் ஷட்டர் இறங்கியதும், குடித்தது போதாதவர்கள் பைக்கைத் திருப்பிக்கொண்டு கேரளத்துக்குள் வருகிற சத்தம். அங்கே பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரைதான் கடை. நான் பாரில் வேலை பார்த்த காலத்தில் இங்கே பாருக்குப் பதினொரு மணி வரை நேரம் உண்டு. நடுவில் கிடக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எனக்கு இரண்டேகால் வருஷம் சம்பளம் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். "அண்ணா, பத்து மணி வண்டி வந்திருச்சுங்க" என்று சப்ளையர் பையன் கவுண்டருக்குள் தலையை நீட்டுவான். நான் கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

ஊர், சித்தூர்த் தாலூகா. பாலக்காடு மாவட்டம். ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று போகிற இந்தக் கிழக்கு ஓரத்தில் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். ரேஷன் கார்டில் மலையாளம், வீட்டில் கொங்குத் தமிழ். கேரளம் குடிக்கிற கள்ளில் பெரும்பங்கு எங்கள் தாலூகாத் தென்னந்தோப்புகளிலிருந்து இறங்கி, விடியற்காலையில் வண்டி வண்டியாக மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அதனால் பொள்ளாச்சிக்காரர்களுக்கு நாங்கள் பகலில் கள்ளுக்கடை, இரவில் பார்.

2014-ல் உம்மன் சாண்டி அரசு, ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டும்தான் பார் என்று முடிவெடுத்து மற்றதையெல்லாம் மூட வைத்தது. 2017 ஜூலையில் இடதுசாரி அரசு மூன்று நட்சத்திர ஓட்டல்கள் வரைக்கும் திரும்பத் திறந்துவிட்டது. எங்கள் முதலாளி லிஃப்ட் வைத்தார், ரிசப்ஷனில் நாலு செடி வைத்தார், மூன்று நட்சத்திரம் வாங்கினார். அறையில் தங்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அந்த வருஷக் கடைசியில் கேஷியராகச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் மேனேஜர் என்றார்கள். சம்பளம் ஆயிரம் கூடியது, சட்டையை இன் பண்ணச் சொன்னார்கள். வேறு வித்தியாசம் இல்லை.

எல்லைப் பாரில் காலண்டர் இரண்டு வேண்டும். கேரளத்தில் மாதம் ஒன்றாம் தேதி பார் கிடையாது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் கிழக்கே போவார்கள். தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினத்துக்கு டாஸ்மாக் லீவு. அது மாட்டுப் பொங்கலன்று வரும். கொங்கு நாட்டில் பட்டிப் பொங்கல் வைத்து, மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசி, சாயங்காலம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கையில் இருக்கிற ஒரே நாள். அன்றைக்குக் கடை இல்லையென்றால் எங்கே வருவார்கள்? அப்புறம் வயசு. அங்கே 21, இங்கே நான் சேர்ந்த சமயத்தில்தான் 23 ஆக்கினார்கள். ஊரில் குடிக்க உரிமையுள்ள 22 வயதுப் பையன் இங்கே வந்து ஆதாரை நீட்டி நியாயம் கேட்பான். முதல் சண்டை பல நாள் அதுதான்.

2018 மாட்டுப் பொங்கல் எனக்குப் பாரில் முதல் மாட்டுப் பொங்கல். கீழே லோக்கல் கவுண்டரில் நில்ப்பன் அடிக்கிற கூட்டம் மூன்று வரிசை. நில்ப்பன் என்றால் உட்கார இடம் தேடாமல் நின்றபடியே ஒரு லார்ஜை ஊற்றிக்கொண்டு போவது. ஒன்பதரைக்குப் பாத்ரூம் வாசலில் யாரோ யாரையோ இடித்தார்கள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் பீர் பாட்டில் ஒன்று உடைந்து, நடுவில் போன சப்ளையர் பையனின் முழங்கையில் இறங்கிவிட்டது. டச்சிங்ஸுக்கு, அதாவது தொட்டுக்கொள்ள, வைத்த மாங்காய்த் துண்டும் ரத்தமும் தரையில் கலந்து கிடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. போனை எடுத்தேன். முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார்.

"போலீஸ் வந்தா எஃப்.ஐ.ஆர். எஃப்.ஐ.ஆர். வந்தா எக்சைஸுக்குப் பேப்பர் போகும். வேண்டாம்."

அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. இங்கே பார் லைசென்ஸ் எக்சைஸ் என்கிற கலால் துறையின் கையில், எஃப்.எல்.3 என்பார்கள். வருஷக் கட்டணம் இப்போது 35 லட்சம். போலீஸால் நேரே லைசென்ஸில் கை வைக்க முடியாது, ஆனால் எழுத முடியும். ஆகவே போலீஸைக் கூப்பிடுகிற பாரின் பெயரில் காகிதம் சேரும். கூப்பிடாத பார், காகிதத்தில் கோயில் மாதிரி சுத்தமாக இருக்கும். தரையைக் கழுவினோம். பையனுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் ஆறு தையல். பைக்கிலிருந்து விழுந்தான் என்று சொல்லச் சொன்னோம், சொன்னான்.

அந்த ஆறு தையலை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் அக்கா மகன். அவன் படிக்கப் போனது பிரிட்டனில் கார்டிஃப். வார இறுதியில் ஒரு பப்பில் கிளாஸ் பொறுக்கும் வேலை. "மாமா, நீங்க பண்ற வேலையத்தான் நானும் பண்றேன்" என்று சிரிப்பான். அங்கே பப்வாட்ச் என்று ஒன்று இருக்கிறதாம். ஊரில் உள்ள பப் மேனேஜர்கள் சேர்ந்து வைத்துக்கொள்கிற கூட்டு. போலீஸும் கூட்டத்தில் வந்து உட்காரும். ஒரு பப்பில் அடிதடி செய்தவனுக்கு எல்லா பப்பிலும் கதவடைப்பு. வாசலில் நிற்கிற ஆளுக்கும் அரசு உரிமம், கையில் பேட்ஜ். எங்கள் வாசலில் நின்றவருக்கு அறுபத்திரண்டு வயது, மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் நன்றாக ஊதுவார்.

அதே கார்டிஃபில் ஜொனதன் ஷெப்பர்ட் என்று ஒரு டாக்டர், முகம் தாடை அறுவை செய்கிறவர். பாட்டிலும் கிளாஸும் கிழித்த முகங்களைத் தைத்துத் தைத்து அலுத்தவர் ஒரு விஷயம் கவனித்தார். தையலுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி போலீஸ் கணக்கிலேயே இல்லை. அப்படியானால் போலீஸ் எதை வைத்து எங்கே ஆள் நிறுத்துகிறது? ஆஸ்பத்திரி வரவேற்பில் இருப்பவர்களை மூன்றே கேள்வி கேட்கச் சொன்னார்: எங்கே நடந்தது, எப்போது, எதால் அடித்தார்கள். பெயரை எடுத்துவிட்டு அந்த விவரம் மட்டும் போலீஸுக்கும் நகரசபைக்கும் போகும். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, அடிதடியால் ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் லட்சம் பேருக்கு மாதம் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தார்கள் என்றது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களில் ஐந்திலிருந்து எட்டாகக் கூடியிருந்தது.

எங்கள் பையனின் ஆறு தையல் எந்தக் கணக்கிலும் இல்லை. பைக்கிலிருந்து விழுந்த கணக்கில் வேண்டுமானால் இருக்கும்.

2018 மழைக்காலத்தில் புது எஸ்.ஐ. ஒருவர் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். கேரள போலீஸில் 2008-லிருந்து ஜனமைத்ரி என்று ஒரு திட்டம் உண்டு. பீட் போலீஸ் வீடு வீடாகப் போய்ப் பேசும், ஊர்ச் சமிதி கூடும். எங்கள் ஊர்ச் சமிதியில் ஹெட்மாஸ்டர் இருந்தார், கோயில் கமிட்டி இருந்தது, வியாபாரிகள் சங்கம் இருந்தது. பார்க்காரன் ஒருவனும் இல்லை. இரவில் ஊரில் நடக்கிற அடிதடி பாதிக்கு மேல் எங்கள் வாசலில்தான் நடக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. புது எஸ்.ஐ. ஒரு மத்தியானம் மஃப்டியில் வந்து, ஒரு சோடா வாங்கிக்கொண்டு, என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

முதல் கேள்வியே, சண்டை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதுதான். அதுவரை எந்தப் போலீஸும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. யார், எந்த ஊர், எந்த ஆள் என்றுதான் கேட்பார்கள். யோசித்துச் சொன்னேன்: "டேபிளில் இல்லை சாரே. பாத்ரூம் வாசல், அப்புறம் வண்டி நிறுத்துகிற இடம்." எழுந்து போய் இரண்டையும் பார்த்தார். பாத்ரூமுக்குப் போகவும் வரவும் ஒரே கதவு, ஒரு ஆள் நுழைகிற அகலம். பார்க்கிங்கில் ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் அணைந்து அணைந்து எரிவது. அந்த வாரமே முதலாளி இரண்டு எல்.ஈ.டி. போட்டார், பின்பக்கச் சுவரில் இன்னொரு கதவு உடைத்தார். எட்டாயிரம் ரூபாய்ச் செலவுக்கு ஒரு மாதம் புலம்பினார்.

அப்புறம் அந்த எஸ்.ஐ. சொன்னது இது: "நிங்ஙள் விளிச்சால் அது நிங்ஙளோட குற்றமாயிட்டு ஞான் எழுதில்லா." நீ கூப்பிட்டால் அதை உன் குற்றமாக எழுத மாட்டேன் என்று பொருள். கேமராவும் ரோந்தும் லத்தியும் அதற்குப் பிறகுதான். இந்த ஒரு வாக்கு இல்லாமல் போலீஸும் பாரும் கைகோத்தது என்று போட்டோ எடுத்துக்கொள்வதெல்லாம் வெறும் சடங்கு என்பது என் அபிப்பிராயம்.

அவர் கேட்டதன்பேரில் ஒரு நோட்டுப் போட்டேன். நூறு பக்க ரூல் நோட்டு. தேதி, நேரம், இடம், என்ன உடைந்தது, எத்தனை லார்ஜ், கடைசியாக வண்டி எந்தப் பக்கம் போனது. கடைசிக் கட்டத்தில் கிழக்கே அல்லது மேற்கே என்று மட்டும் எழுதுவேன். பெயர் வேண்டாம் என்றார். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவார். மூன்றாம் மாதம் அவரே கண்டுபிடித்தார்: சனிக்கிழமையைவிட வெள்ளி மோசம், காரணம் பக்கத்துத் தோப்புகளிலும் செங்கல் சூளையிலும் வெள்ளியன்று கூலி. ஏறக்குறைய ஒரு வருஷம் கல்லாவில் இருந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் எழுதிப் பார்க்கும்வரை தோன்றவில்லை.

நாலு பார், மூன்று கள்ளுக்கடை சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப். பத்து மணிக்கு மேல் கண்ணாடி கிடையாது, ஸ்டீல் டம்ளர்தான். பத்தரைக்குக் கடைசி ஆர்டர். ஆள் தள்ளாடினால் சப்ளையர் "போதுமுங்ணா" என்று சொல்லலாம், டிப்ஸ் போனால் அந்த ஐம்பது ரூபாயை நான் கொடுப்பேன். இது சிரிப்பாகத் தெரியலாம். சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஸ்டாட் என்ற திட்டம் செய்ததும் அடிப்படையில் இதுதான்: போதை ஏறியவனுக்கு மேலே ஊற்றாதே என்று பார் ஊழியர்களைப் பழக்கினார்கள், லைசென்ஸ் அதிகாரிகளும் போலீஸும் பின்னால் நின்றார்கள். வன்முறைக் குற்றம் 29 சதவீதம் குறைந்தது என்று ஆய்வு சொல்கிறது. எங்கள் பாரில் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், ஐம்பது ரூபாய் கணக்குதான் என்னிடம் உண்டு.

வீடு திரும்புவதுதான் பெரிய தலைவலி. பாருக்கு வெளியே ஜீப்பை நிறுத்தி ஊதச் சொல்லலாம்; நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் வழக்கு. முதலாளி ஒரே குதியாகக் குதித்தார். வாசலில் ஊதச் சொன்னால் அடுத்த வாரம் யார் வருவான்? கடைசியில் ஜீப் அரைக் கிலோமீட்டர் தள்ளி வளைவில் நின்றது. வளைவில் ஜீப் நிற்கிறது என்று நாங்களே சொல்லுவோம், சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போ, காலையில் வண்டியை எடுத்துக்கொள் என்போம். ஆனால் கேரள ஆட்டோவுக்கு எல்லை தாண்டப் பர்மிட் இல்லை. செக்போஸ்ட் வரை இந்த ஆட்டோ, அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் அந்தப் பக்கத்து ஆட்டோ. இரண்டு மாநிலம் சேர்ந்து ஒரு குடிகாரனை வீட்டுக்கு அனுப்பிய காட்சியைப் பல இரவு பார்த்திருக்கிறேன். நடுவில் அந்த நாலு எட்டு மட்டும் அவன் தன் காலில் நடக்க வேண்டும்.

2019 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல். சாயங்காலம் ஆறு மணிக்கே இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பார்க்கிங்கில் நின்றுகொண்டார்கள். லத்தியைக் கையில் எடுக்கவில்லை. வந்தவர்களிடம் எந்த ஊர், கடலை எப்படி விளைந்தது, மாட்டுக்கு என்ன வர்ணம் அடித்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் தன் காளையின் போட்டோவை போனில் எடுத்துக் காட்ட, ஏட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு உடைந்தது ஒரே ஒரு தட்டு. சாவி என்னிடம் இருந்தது பதினாலு. டி.என். 41, டி.என். 41 என்று மறுநாள் காலையில் தலை கலைந்து ஒவ்வொருவராக வந்து, என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் பொய். வாட்ஸப் குரூப்பில் ஒரு தடைப் பட்டியல் சேர்ந்தது. பப்வாட்ச் கதையைச் சொன்னவனே நான்தான், அதனால் பொறுப்பும் என்னுடையது. ஏழு பெயர். அதில் ஐந்து பேர் ஒரே காலனிப் பையன்கள். பாட்டில் உடைத்தவர்களில் தோப்புக்காரர் மகன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் பட்டியலில் இல்லை. நான் கேட்டதற்கு ஒரு பார் மேனேஜர், "அவிய அப்பா வந்து சமாதானம் பேசிட்டாருங்க" என்றார். பேச வர ஒரு அப்பா இருக்கிறவனுக்குத் தடை இல்லை, அவ்வளவுதான். எஸ்.ஐ.யிடம் சொன்னேன். பட்டியலை அழிக்கச் சொன்னார். அழித்தோம், ஆனால் எல்லோர் மனசிலும் அது இருந்தது.

அந்தப் பிப்ரவரியில், பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னால், அவருக்கு மாற்றல் வந்தது. ஆஸ்திரேலியாவில் சர்ஃபர்ஸ் பாரடைஸ் என்ற கடற்கரை ஊரில் 1993-ல் இதே மாதிரி ஒரு திட்டம் நடந்தது. கிளப்காரர்களும் போலீஸும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள், அடிதடி நன்றாகக் குறைந்தது. திட்டத்தின் ஆட்கள் கிளம்பிப் போனார்கள். 1996 வாக்கில் பழையபடி ஆகிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பிரிட்டனில் போலீஸ் நேராகவே லைசென்ஸை மறுபரிசீலனை செய்யச் சொல்ல முடியும், 2003 சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அதனால் அங்கே யார் எஸ்.ஐ. என்றாலும் பப்காரன் கூட்டத்துக்கு வந்துதான் ஆகணும். எங்களுடையது ஒரு மனுஷனின் வாக்கு. அவர் பெட்டி படுக்கையோடு ரயில் ஏறினால் வாக்கும் ஏறிவிடும்.

அடுத்து வந்தவருக்கு நோட்டைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஸ்டேஷனுக்கு எடுத்து வரச் சொன்னார். நான் பெருமையோடு போனேன். இன் பண்ணிய சட்டை வேறு. புரட்டினார். "ஒரு வருஷத்தில் நாற்பத்தொரு சண்டையா? இப்படி ஒரு பாரா?" என்றார். எக்சைஸுக்கு ஒரு குறிப்புப் போனது. கூடவே நோட்டின் நாலு பக்க ஜெராக்ஸ், என் கையெழுத்தில். நோட்டே போடாத பக்கத்துப் பாருக்கு ஒன்றும் வரவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. நோட்டை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ஸ்டீல் டம்ளர் தொடர்ந்தது, விலை குறைவு என்பதால். மற்றது ஒவ்வொன்றாக நின்றது.

இதில் இன்னொரு ஓட்டை முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் குடித்துவிட்டுப் பிடிபடுகிறவனிடம் போலீஸ் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக எங்கே குடித்தாய்? அந்தப் பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பார் ஊற்றுகிறது, எந்தப் பார் கவனமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் ஊரில் கேட்டால்தான் என்ன? இங்கே குடித்தவன் அங்கே விழுவான். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் மது வாடை என்று எழுதுவார்கள். எந்தக் கடை மது என்று எழுதக் கட்டம் கிடையாது. இருந்தாலும் அந்தத் தாள் எல்லை தாண்டி வராது. என் நோட்டில் கிழக்கே என்று எழுதியிருந்த எந்த வண்டி வீடு போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று ஒன்றைக்கூட எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டுப் பக்கம் போலீஸ் யாரோடு உட்கார்ந்து பேசும் என்பதும் சிக்கல்தான். விற்கிறது அரசாங்கம், பக்கத்துப் பாரை நடத்துகிறது டெண்டர் எடுத்தவர்.

2020 மாட்டுப் பொங்கலுக்கு ஜீப் வரவில்லை. கேட்டதற்கு, ஆள் இல்லை என்றார்கள். ஒருவர் மேலே ஏசி பாரில் தனியாக உட்கார்ந்து குடித்தார். நாற்பது வயசிருக்கும், நீலச் சட்டை, நெற்றியில் திருநீறு இன்னும் அழியாமல் இருந்தது. ஐந்தாவது லார்ஜுக்குப் பையன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டிவிட்டேன். சாவி கேட்டேன். "பக்கந்தானுங்க, போயிருவேன்" என்று சிரித்தார். ரொம்ப மரியாதையான ஆள். அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் ஜாடையில் ஒரு பையன் வந்தான். கையில் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிச் சீட்டு, நாலாக மடித்தது. போனில் போட்டோவைக் காட்டி, "எங்கண்ணன் நேத்து இங்க வந்தாருங்களா? எத்தன மணிக்குப் போனாருன்னு டாக்டர் கேக்கறாருங்க" என்றான். முதலாளி ரிசப்ஷனில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. எனக்கு அந்த வரி முழுசாகத் தெரியும், நோட்டில் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேனோ அப்படியே: ஜனவரி 16, இரவு 10.40, ஏசி, ஐந்து லார்ஜ், கிழக்கே.

"தெரியலீங்க தம்பி. நேத்து ஒரே கூட்டமுங்க" என்றேன்.